மலை ஏறாத நோட்டீஸ்

என்னிடம் இருக்கும் அந்தச் சிறு பிரசுரத்துக்கு அட்டை கிடையாது. கையடக்க அளவு, நாற்பது சொச்சம் பக்கங்கள், முதுகுப்புறம் நூல் கோத்துத் தைத்த ஓட்டைகள். கந்தல் துணியிலிருந்து செய்த காகிதம் என்பதால் இருநூற்றைம்பது வருடங்களுக்குப் பிறகும் ஒடிந்து விழாமல், மடித்தால் மடிகிறது. அந்தக் காலத்து வழக்கப்படி தலைப்பே முதல் பக்கம் முழுவதையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எழுதியவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. போன மாதம் அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வெளிநாட்டு நூலகம் ஒன்றுக்கு அனுப்பினேன். அங்கிருக்கும் ஆய்வாளர் அம்மையார் இரண்டே நாளில் பதில் எழுதினார். உலகத்தில் இதன் பிரதிகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம் என்றார். ஆனால் அவரை அதைவிட அதிகமாகப் பரவசப்படுத்தியது வேறொன்று. முப்பத்தொன்றாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ இந்திய எழுத்தில் ஒரு சொல் இருக்கிறதே, அது என்ன மொழி, பழைய வாசகர் யாராவது எழுதியதா, நான் எழுதியிருந்த அந்தக் காப்பித் தோட்டத்துத் துரையிடம் வேலை பார்த்த குமாஸ்தாவாக இருக்குமா என்று அடுக்கிக்கொண்டே போயிருந்தார்.

அது தமிழ். 'சாவி' என்று எழுதியிருக்கிறது. எழுதியது குமாஸ்தா இல்லை, நான்தான். திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். விடைத்தாள் திருத்தித் திருத்தி, எதைக் கையில் கொடுத்தாலும் கோடு போடாமல் படிக்க வராது என்ற நிலைக்கு வந்துவிட்டேன். விலைமதிப்பில்லாத காகிதம் என்று தெரிந்தும் அதில் பென்சில் வைத்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அந்தச் சொல்லை ஏன் எழுதினேன் என்று அம்மையாருக்கு விளக்க மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் முதல் பத்தியைத் தாண்டவில்லை. அவருக்கு எழுத வேண்டியதை முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். இது என் பெரியப்பாவைப் பற்றியது.

பிரசுரம் என் கைக்கு வந்த வழியை முதலில் சொல்ல வேண்டும். நாமக்கல் முட்டை ஊரெல்லாம் போகிறது. முட்டை போக வேண்டுமென்றால் அதை அடுக்கும் அட்டை வேண்டும். பழைய காகிதத்தைத் தொட்டியில் ஊறவைத்து, கூழாக அரைத்து, அச்சில் பிடித்துக் காயவைத்தால் முட்டை அட்டை. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர் அப்படி ஒரு மில் வைத்திருக்கிறார். இங்கே அவரை மில்காரர் என்றே சொல்லிக்கொள்கிறேன். ஒருநாள் மதியம் போன் செய்தார். "வாத்தியாரே, ஏற்காட்டுல ஏதோ பழைய பங்களாவை இடிச்சாங்களாட்டம். இங்கிலீஷ் பொஸ்தகமா ஒரு லோடு வந்திருக்குதுங்க. தொட்டியில போடறதுக்கு முன்னாடி ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருங்க" என்றார். போனேன். காப்பித் தோட்டத்துத் துரைமார் குடும்பம் எதுவோ தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது. பாதி கரையான் அரித்துப் போயிருந்தது. தேறியவற்றில் ஒரு தடித்த தொகுப்பின் நடுவில் செருகியிருந்தது இது. இந்தியாவுக்குச் சம்பந்தமே இல்லாத பிரசுரம், எந்தக் கப்பலில் யார் பெட்டியில் வந்ததோ. "எடுத்துக்கங்க, எனக்கு இது நாலு அட்டைக்குக்கூடக் காணாது" என்று மில்காரர் சிரித்தார்.

அதில் இருந்தது ஒரு சண்டை. அமெரிக்கா அப்போது தனி நாடாகவில்லை, ஆங்கிலேயர் குடியேற்றம். பென்சில்வேனியா என்ற பகுதியை நிறுவியவர்கள் குவேக்கர்கள். கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு. ஆயுதம் எடுக்க மாட்டார்கள், சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள், எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். சட்டசபையில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. எல்லையில் அந்த மண்ணின் பூர்வகுடிகளோடு போர் மூண்டு, காட்டோரம் குடியிருந்த உழவர்கள் வெட்டுப்பட்டபோது, கோட்டை கட்டவும் படை திரட்டவும் சபை தயங்கியது. அந்தக் கோபத்தில் யாரோ எழுதியது இது. அவ்வளவு கூர்மையான ஆங்கிலத்தை நான் அதிகம் படித்ததில்லை. வசவு ஒரு வார்த்தைகூட இருக்காது. 'தங்கள் மனசாட்சியின் தூய்மையை நாங்கள் போற்றுகிறோம்' என்று கும்பிடு போட்டுவிட்டு, அந்தத் தூய்மைக்கு யார் யார் வீட்டுப் பிள்ளைகள் பலியானார்கள் என்று அடுத்த வரியில் கேட்கும். நகரத்தின் நடுவே பத்திரமாக இருந்துகொண்டு அகிம்சை பேசுவது எல்லையில் இருப்பவன் முதுகில் ஏறி நின்று பேசுவது என்று சொல்லும். கடைசியில், உங்களால் முடியாது என்றால் விலகி இடத்தைக் கொடுங்கள், முடிந்தவர்கள் செய்துகொள்கிறோம் என்று முடியும். நான் அதை மூன்று நாளில் நான்கு தடவை படித்தேன். வகுப்பில் 'வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி' என்று நடத்திக்கொண்டிருந்தவனுக்கு அது விருந்துச் சாப்பாடாக இருந்தது.

இனி பெரியப்பா. கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு நிலம். அப்பாவின் பங்கை விற்றுத்தான் நாங்கள் படித்தோம். பெரியப்பா தன் பங்கைக் கடைசி வரை விடவில்லை. மலையை ஒட்டிய கடைக்கோடி நிலம் அவருடையது. குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியும் கடலையும் போடுவார். பெரியம்மா போன பிறகு தோட்டத்து வீட்டில் தனியாகவே இருந்தார், ஒரே மகள் நாமக்கல்லில். அவரிடம் இருந்த விசேஷம், எந்த உயிரையும் கொல்ல மாட்டார், கொல்ல விடவும் மாட்டார். எங்கள் குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டும் நாளில் பொங்கல் வைக்கும்வரை கூட இருந்துவிட்டு, மெதுவாக நழுவி வண்டி நிறுத்தும் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார். சுற்றிலும் ஆளாளுக்குக் கோழிப்பண்ணை போட்டபோது அவர் மட்டும் போடவில்லை. எந்த மடத்திலும் சங்கத்திலும் அவர் இல்லை. யாருக்கும் உபதேசம் செய்ததும் இல்லை. காரணம் கேட்டால், "நமக்கு ஒத்து வர்ல சாமி" என்பதோடு முடித்துக்கொள்வார். எங்கள் வீட்டில் அவரைக் கேலி செய்வோம், ஆனால் அவர் எதிரில் யாரும் கோழி அறுத்ததில்லை.

காட்டுப்பன்றிகள் வர ஆரம்பித்தபோதுதான் இது ஊர்ப் பிரச்சினையானது. முன்பு வருடத்தில் நாலைந்து தடவை வந்தவை, பிறகு வாரம் தவறாமல் இறங்கின. ஒரு கூட்டம் புகுந்தால் விடிவதற்குள் ஒரு ஏக்கர் கிழங்கு குப்புறக் கிடக்கும். பெரியப்பாவும் சும்மா இருக்கவில்லை. தகர டின் கட்டினார். பழைய சேலைகளை வயலைச் சுற்றி இழுத்துக் கட்டினார். சேந்தமங்கலத்து சலூன் கடைகளில் மூட்டை மூட்டையாக முடி வாங்கி வந்து வரப்பில் தூவினார். மோந்து பார்க்கும் பன்றியின் மூக்கில் முடி ஏறினால் திரும்பிவிடும் என்று கணக்கு. பன்றிகள் ஒரு மாதம் யோசித்துவிட்டு முடியோடு சேர்த்தே மேய்ந்தன. சூரிய ஒளியில் ஓடும் மின்வேலி போட்டார்கள், அது உயிரைக் கொல்லாது என்பதால் அவர் சம்மதித்தார். அதில் அடிபட்ட பன்றி கத்திவிட்டு எழுந்து போய், மறுவாரம் அறுத்துக்கொண்டு உள்ளே வந்தது. அப்புறம்தான் அடிவாரத்தில் நிலம் வைத்திருந்த பதினாறு குடும்பமும் சேர்ந்து நேரடிக் கரண்டில் கம்பி இழுப்பது என்று முடிவு செய்தார்கள். சட்டப்படி குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அடிவாரத்தில் மின் இணைப்பு இருந்த கிணறு பெரியப்பாவுடையது ஒன்றுதான். அவர் மோட்டார் ரூமிலிருந்துதான் கம்பிக்குக் கரண்டு எடுக்க முடியும். அவர் சாவி தர மறுத்துவிட்டார்.

அந்த நிலையில் மில்காரரின் தங்கையைப் பன்றி குத்தியது. பெரியப்பா நிலத்துக்கு அடுத்த காடு அவர்களுடையது. பட்டப்பகலில், களை வெட்டிக்கொண்டிருந்த இடத்தில், தொடை கிழிந்துவிட்டது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்குப் பின்தான் மில்காரர் என் வீட்டுக்கு வந்தார். நான் காப்பி கொடுத்தேன், குடிக்கவில்லை. "உங்க பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தாருங்க. எளநி நாலு கொண்டாந்து குடுத்தாரு. எங்களுக்கு எதுக்குங்க எளநி? சாவி குடுக்கச் சொல்லுங்க" என்றார். நான் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, கேட்க மாட்டார் என்றேன். "அப்ப ஊருக்கே தெரியற மாதிரி ஒரு நோட்டீஸ் போடலாம்னு இருக்கறோம். எங்களுக்குத் திட்டி எழுதத்தானுங்க தெரியும். திட்டுனா அவருக்கு உறைக்காது. உறைக்கற மாதிரி எழுதோணும். நீங்கதான் எழுதித் தரோணும். பேரு வெளிய வராது" என்றார்.

மறுத்திருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். பெரியப்பா மேல் எனக்குக் கோபம் கிடையாது. மில்காரருக்குக் கடன்பட்டவனும் இல்லை. அந்தப் பெண்ணின் காயத்தைப் பார்த்து மனம் பதறியது உண்மை, ஆனால் அதற்காக எழுதினேன் என்று சொன்னால் பொய். என் மேசையில் அந்தப் பிரசுரம் திறந்தபடி கிடந்தது. அவ்வளவு நல்ல உரைநடையைத் தமிழில் பண்ணிப் பார்க்க எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. எழுதுகிற ஆசை, அவ்வளவுதான். மில்காரர் தெருமுனை தாண்டுவதற்குள் நான் பென்சிலை எடுத்துவிட்டேன். எங்கெல்லாம் குவேக்கர் என்று இருந்ததோ அங்கெல்லாம் பெரியப்பாவை வைத்துப் பார்த்தேன். ஆச்சரியமாகப் பொருந்தியது. 'விலகி இடத்தைக் கொடுங்கள்' என்ற பக்கம் வந்ததும் ஓரத்தில் 'சாவி' என்று குறித்துக்கொண்டேன்.

ரோஸ் நிறத் தாளில் பிட் நோட்டீஸாக அடித்தார்கள். 'பாதிக்கப்பட்ட விவசாயிகள்' என்று கீழே போட்டிருந்தது. பெரியப்பா பெயரைப் போடாமல் 'மலையோரத்துப் பெரியவர்' என்று எழுதியிருந்தேன், மரியாதையாக இருக்கட்டும் என்று. 'ஐயா, எவ்வுயிரையும் கொல்லாத தங்கள் கை சுத்தமானது, அதை வணங்குகிறோம். அந்தக் கை சுத்தமாக இருப்பதற்காக எங்கள் வீட்டுப் பெண்ணின் ரத்தம் தரையில் விழுந்ததைத் தாங்கள் அறிவீர்கள்' என்று தொடங்கும். 'தாங்கள் பன்றிக்குக் காட்டும் கருணைக்கு நாங்கள் அல்லவா கிழங்கு போடுகிறோம்' என்று நடுவில் ஒரு வரி வரும். டீக்கடையில் அதை உரக்கப் படித்துச் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டு எனக்கு உள்ளம் குளிர்ந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. கடைசி வரிகள் இவை: 'மனம் ஒப்பவில்லை என்றால் ஒதுங்கி நில்லுங்கள். தங்களைக் கொல்லச் சொல்லவில்லை. முடிந்தவர்கள் செய்துகொள்கிறோம். சாவியை மட்டும் கொடுங்கள்.'

பெரியப்பா சண்டைக்குப் போவார், அல்லது கண்டுகொள்ளாமல் விடுவார் என்று நினைத்திருந்தேன். இரண்டும் நடக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டீஸை வைத்திருந்தார். நாலாக மடித்து மடித்துப் பிரித்ததில் மடிப்பு வெளுத்திருந்தது. "படிச்சயா சாமி? ஞாயமாத்தான் கேட்டிருக்கறாங்க. ஒரு வார்த்தை தப்பாப் பேசலை பாரு" என்றார். ஊர்க்காரர்கள் நேரில் வந்து கத்தியபோதெல்லாம் அசையாதவர். அந்தத் தாளில் இருந்த மரியாதையை அவரால் தாண்ட முடியவில்லை. "எனக்காக ஊர் சேதப்படறது தப்புத்தானுங்கறேன். என்னால முடியாதுன்னா நான் நவுந்துக்கோணும். இதையத் தலையில அடிச்சாப்புல சொல்லிட்டாங்க" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல், எதிரே கொடியில் காய்ந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வார் என்று தெரிந்திருந்தால் நோட்டீஸ் இன்னும் கொஞ்சம் மட்டமாக எழுதியிருப்பேன் என்று அன்று எனக்கு ஒரு எண்ணம் ஓடியது.

புதன்கிழமை அவரே மில்காரர் வீட்டுக்கு நடந்து போய்ச் சாவியைக் கொடுத்தார். மில்காரரின் தங்கையிடம் நலம் விசாரித்துவிட்டு வந்தாராம். அன்று மாலையே துணிமணியை ஒரு பையில் எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே இருந்தால் சத்தம் காதில் விழும், தன்னால் தாங்க முடியாது என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். நோட்டீஸில் ஒதுங்கி நில்லுங்கள் என்றுதான் இருந்தது. அவர் எதையும் பாதியாகச் செய்கிறவர் இல்லை.

கம்பி இழுத்தார்கள். பொழுது சாய்ந்தால் போடுவது, காலை ஆறு மணிக்கு நிறுத்துவது என்று நேரம் வைத்தார்கள். கோயில் மைக்கில் மூன்று நாள் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் போட்டார்கள். சுற்றுவட்டத்தில் டீக்கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டி எல்லா இடத்திலும் தெரிந்திருந்தது. முதல் நாலு நாளில் மூன்று பன்றி விழுந்தது. அந்த வாரச் சனிக்கிழமையே, இன்னும் வெளுக்காத நேரத்தில், ஒரு பலாக்காரர் விழுந்தார்.

மலையில் இருக்கும் ஊர்களிலிருந்து சனிக்கிழமைச் சந்தைக்குப் பலாப்பழமும் மற்ற சரக்கும் கொண்டுவருகிறவர்கள் பஸ்ஸில் வந்தால் கட்டாது என்று நடந்தே இறங்குவார்கள். அவர்கள் இறங்கும் தடம் பெரியப்பா நிலத்தின் நடுவில்தான் வந்து சேரும். அந்த இடத்தில் தடத்துக்குக் குறுக்கேயும் ஒரு கம்பி, முழங்கால் உயரத்தில். காலையில் கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். பெரியப்பா இருந்தவரை சனிக்கிழமைகளில் அவர்கள் அவருடைய கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, அவரோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அவர் இருந்திருந்தால், கம்பியே இருந்தாலும், வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க அந்தத் தடத்தில் உட்கார்ந்திருப்பார். அவரைத்தான் நாங்கள் ஒதுக்கிவிட்டோமே. சுற்றியிருந்த எத்தனையோ ஊருக்குப் போன நோட்டீஸில் ஒன்றுகூட மலை ஏறவில்லை. அங்கே யாருக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவே இல்லை என்பதுதான் சரி. என்னுடைய நாற்பது பக்கப் பிரசுரத்திலும் அப்படித்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அதில் வருகிறார்கள், ஆனால் ஆபத்தாக மட்டும் வருகிறார்கள். அவர்களுடைய நிலம் எப்படி இவர்கள் கைக்கு வந்தது என்ற பேச்சே கிடையாது. நான்கு தடவை படித்தும் அது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை.

அந்தத் தடம் எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு கோடை விடுமுறையில் அதே பலாக்காரரோடு அதே தடத்தில் மலை ஏறியிருக்கிறேன். பாதி வழியில் எனக்கு மூச்சு வாங்கியபோது என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ராத்திரி அவர் வீட்டில் ராகிக் களி போட்டார்கள். நோட்டீஸ் எழுதியபோது அந்தத் தடம் ஒரு நிமிடம்கூட என் நினைவில் வரவில்லை. எழுத்து நன்றாக ஓடியது.

பலாக்காரருக்குப் பின்னால் நாலு அடி தள்ளி அவர் மருமகள் தலைச்சுமையோடு வந்திருக்கிறாள். அவள் கண்ணெதிரில் நடந்தது. அரசு ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே அவளைப் பார்த்தேன். அழுகை ஓய்ந்து, கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தில் யாரையோ பார்த்து, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சுத்திக்கிட்டுப் போயிருப்பமே சாமி" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாளோ அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

வழக்கு பெரியப்பா மேல் விழுந்தது. மின் இணைப்பு அவர் பெயரில், மோட்டார் ரூம் அவர் இடத்தில், தடமும் அவர் நிலத்தில். மறுத்த ஒரே மனிதரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டபோது, "நான்தானுங்க குடுத்தேன்" என்றார். யாரிடம் என்று கேட்டதற்கு, "குடுத்தது என் கைங்க, வாங்குன கையக் கேட்டு என்னங்க ஆகப்போவுது" என்று சொல்லிவிட்டாராம். மில்காரர்தான் வக்கீல் வைத்தார், அதில் குறை சொல்ல முடியாது. என்னிடம் மட்டும், "உண்மையைச் சொன்னா பதினாறு குடும்பமும் உள்ள போகோணும், உங்க பெரியப்பாவும் வெளிய வரமாட்டாரு. பேசாம இருங்க வாத்தியாரே" என்றார். பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமாக வந்தது. பன்னிரண்டு நாள் சேலம் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். அதற்குப் பிறகு பதினொரு மாதம்தான் உயிரோடு இருந்தார். வழக்கு அவரோடு முடிந்துபோனது. அந்தப் பதினொரு மாதத்தில் மாதம் இரண்டு தடவையாவது அவரைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்புவேன். போனதும் அவர் மாத்திரை, சர்க்கரை, பேரனின் மார்க் என்று பேச்சு எங்கெங்கோ போய்விடும். நான் அதை இழுத்து நிறுத்தவில்லை.

சொல்வதற்கு உண்மையிலேயே ஒரு நேரம் இருந்தது. அது அவரைச் சிறையிலிருந்து காரில் கூட்டிவந்த நாள். மகளும் மருமகனும் வேறு வண்டியில் பின்னால் வந்தார்கள். என் காரில் நாங்கள் இருவர் மட்டும். பன்னிரண்டு நாளில் பாதியாகியிருந்தார். மல்லூர் தாண்டினோம். அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"ஏஞ்சாமி, அந்த நோட்டீஸ் எழுதுனது ஆருன்னு உனக்கேதாச்சும் தெரியுமா?"

"தெரியலீங்க பெரியப்பா."

"நம்மூர்ல அப்படி எழுதறதுக்கு ஆளில்ல. நெம்பப் படிச்சவங்களாத்தான் இருக்கோணும். உள்ள இருந்தப்ப அதையேதான் நெனச்சுட்டுக் கெடந்தேன். அவரு மேல எனக்குக் கோவமே வர்ல பாரு."

நான் கியரை மாற்றினேன். மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

"வெளியூர்க்காரராட்டம் இருக்குது. அந்தத் தடத்துல ஆளுங்க வருவாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்? உள்ளூர்க்காரன்னா ஒதுங்கி நில்லுன்னு எழுதறப்பவே கை நின்னிருக்குமில்ல?"

"ஆமாங்க" என்றேன். "வெளியூராத்தான் இருக்கோணும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "பாவம், நடந்ததை அவரு கேள்விப்பட்டிருந்தா இந்நேரம் அவருக்கும் சோறு எறங்கியிருக்காது" என்றார்.

ராசிபுரம் பிரிவில் ஒரு ஓட்டலில் நிறுத்தினேன். பெரியப்பா ஒரு இட்லியைப் பாதி தின்றுவிட்டு, போதும் என்று கை கழுவ எழுந்துவிட்டார். எனக்கு நல்ல பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் என் இலையைக் காலி செய்துவிட்டு, இன்னொரு தோசை சொல்லி, அதையும் சாப்பிட்டேன்.